அந்த நீல மாத்திரையைப் பத்தி யாராவது கேட்டீங்களா?

போன வருஷம் நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு ஆப் செஞ்சோம். மலை கிராமத்து மக்களுக்கான ஹெல்த் ஆப். டாக்டர் அப்பாயின்ட்மென்ட், தடுப்பூசி ரிமைண்டர், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மேப், எல்லாம் உண்டு. தமிழும் உண்டு, அதாவது கூகுள் டிரான்ஸ்லேட் கொடுத்த தமிழ். அப்பாயின்ட்மென்ட் பட்டன்ல ‘நியமனம்’னு வந்திருந்தது. நாலு பேருமே இங்கிலீஷ் மீடியம், அதனால யாருக்கும் அது உறுத்தல. ப்ராஜெக்ட் எக்ஸ்போவுல ரெண்டாவது பரிசு கூட வாங்கினோம்.

அப்புறம்தான் என்.எஸ்.எஸ். முகாமுக்காக ஏழு நாள் ஜவ்வாது மலைக்குப் போனோம். ரெண்டாம் நாள் சாயங்காலம், ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட ஆப்பைப் பெருமையா காட்டினேன். வாங்கிப் பார்த்துட்டு, “யாருக்குண்ணா நியமனம்? வாத்தியாருக்கா?”ன்னு கேட்டுச்சு. அடுத்த கேள்விதான் இன்னும் மோசம். “இங்க டவர் அந்தப் பாறை மேல ஏறினாத்தான் கிடைக்கும். பாம்பு கடிச்சவங்களையும் பாறை மேல ஏத்தணுமாண்ணா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில இருந்துதான் ஆரம்பிக்குது.

ஜவ்வாது மலைன்னா நம்மில் பலருக்கும் காவலூர் வானாய்வகம், பீமன் அருவி, ரெண்டு நாள் பைக் ட்ரிப். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர்னு மூணு மாவட்டத்துல பரவிக் கிடக்குற மலை அது. அங்க இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளி பழங்குடியினர். பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவங்க பேசறது தமிழ்தான். அதாவது அவங்ககிட்ட எதையாவது கேட்க நமக்கு மொழிபெயர்ப்பாளர் கூட தேவையில்லை. ஆனாலும் கேட்கல.

2023 மே மாசம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில என்ன நடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வீட்டுக்கு வெளியே தூங்கிக்கிட்டு இருந்த ஒண்ணரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடிச்சது. சரியான ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தை இறந்துபோச்சு. திரும்பி வரும்போது ரோடு முடியுற இடத்துல ஆம்புலன்ஸ் நின்னுடுச்சு. அதுக்கு மேல, அம்மா அந்த உடலைக் கையில தூக்கிக்கிட்டு மலை ஏறினாங்க. அந்தப் படம் எல்லார் போன்லயும் வந்தது. நானும் ஸ்டேட்டஸ் வெச்சேன்.

அதுக்கப்புறம் சில நல்ல விஷயங்கள் நடந்திருக்கு. பாம்புக்கடிச் சாவுகளை 2030-க்குள்ள பாதியாக் குறைக்கணும்னு மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு தேசிய செயல்திட்டம் வெளியிட்டது. அதே வருஷம் நவம்பர்ல தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இனி எங்க எத்தனை பேரைக் கடிச்சதுன்னு கணக்கு வரும். ஆனா அந்தக் கணக்கு ஆஸ்பத்திரி வாசல்லதான் ஆரம்பிக்குது. வாசலுக்கு முன்னாடி இருக்குற கதை யாருக்குத் தெரியும்? எந்த வீட்டுல ஆளுங்க வெளியே தரையில படுக்குறாங்க, ராத்திரி டார்ச் இல்லாம யார் காட்டுப் பக்கம் ஒதுங்கறாங்க, மழை வந்தா எந்த ஓடையைத் தாண்ட முடியாது, யார்கிட்ட ஜீப் இருக்கு, அவர் ராத்திரி போன் எடுப்பாரா? இதெல்லாம் அந்த ஊர்ப் பசங்களுக்கு அத்துப்படி. ஆடு மேய்க்கிறதும், தண்ணி தூக்குறதும், உடம்பு சரியில்லாத பாட்டியைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறதும் அவங்கதானே.

நீல மாத்திரை கதையைச் சொல்றேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வராம இருக்க, வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தர்றாங்க. நீலக் கலர். நல்ல திட்டம், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா முகாம்ல நாங்க பார்த்த ஒரு கூட்டத்துப் பசங்க அதை வாயில போட்டு, வெளிய வந்து துப்பிடறாங்க. ஏன்னு கேட்டா முதல்ல சிரிப்பு. நாலாம் நாள்தான் ஒருத்தன் சொன்னான்: “அண்ணா, அதைச் சாப்பிட்டா வெளிக்கிப் போறது கறுப்பா வருது. உள்ள ரத்தம் கெட்டுப் போகுதுன்னு ஒரு அக்கா சொல்லுச்சு.”

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா மலம் கறுப்பாப் போறது சாதாரணம், பயப்பட ஒண்ணுமில்லை. வெறும் வயித்துல போட்டா குமட்டும், அதனால சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும். இந்த ரெண்டு வரியை யாரோ சொல்லாம விட்டிருக்காங்க, இல்லைன்னா சொன்னது காதுல விழல. ரெஜிஸ்டர்ல மட்டும் எல்லாருக்கும் டிக் விழுந்திருக்கும். எந்த டேஷ்போர்டும் இதைக் காட்டாது. ஒரு பையன் நம்மளை நம்பிப் பேசினாத்தான் வெளிய வரும்.

இன்னொண்ணு. உயரம், எடை பார்க்கிறப்போ வகுப்பு முன்னாடி சத்தமாப் படிக்கிறாங்கன்னு பொண்ணுங்க சொன்னாங்க. அன்னைக்கு ரெண்டு மூணு பேர் லீவு போட்டுடுவாங்களாம். ஒரு திரைச்சீலை போதும், பட்ஜெட் கூட வேண்டாம்.

இப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம், சுருக்கமாவே. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-ல் வந்தது. இந்தியா 1992-ல் ஏத்துக்கிட்டது. அதன் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கிற எல்லா விஷயத்துலயும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏத்தபடி அந்தக் கருத்துக்கு மதிப்புத் தரணும்னு சொல்லுது. ஆஸ்பத்திரியும் மாத்திரையும் அந்த ‘எல்லா விஷய’த்துக்குள்ள வராதா?

2014-ல் தொடங்கின தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் 10 முதல் 19 வயசு வரை உள்ளவங்களுக்கானது. அதுல ஊருக்கு நாலு பசங்களை, ரெண்டு ஆண் ரெண்டு பெண், சக வழிகாட்டிகளாத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தர்ற ஏற்பாடு இருக்கு. எனக்கு இந்த யோசனை பிடிச்சிருக்கு. ஆனா ஒரு குறை: மேல இருந்து வர்ற செய்தியைக் கீழ கொண்டுபோற வேலைதான் அவங்களுக்குப் பெரும்பாலும். கீழ இருந்து மேல போக வழி ரொம்பக் குறுகல். நம்ம பாஷையில சொன்னா அப்லோடே இல்லாத நெட் கனெக்‌ஷன்.

ரோஜர் ஹார்ட்னு ஒருத்தர் 1992-ல் யுனிசெஃபுக்காக எழுதினப்போ, குழந்தைகள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியா வரைஞ்சார். அடியில இருக்குற மூணு படியைப் பங்கேற்புன்னே அவர் ஒத்துக்கல. அதுல ஒண்ணு, அலங்காரம். அதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது டெங்கு விழிப்புணர்வுப் பேரணிதான். வெயில்ல பதாகை பிடிச்சுக்கிட்டு நாமளும் நடந்திருக்கோமே! “உங்க தெருவுல கொசு எங்க முட்டை போடுது?”ன்னு அன்னைக்கு யாராவது நம்மளைக் கேட்டாங்களா? எனக்குத் தெரியும், எங்க தெரு முனையில இருந்த பழைய டயர் கடையிலதான்.

“பதினாலு வயசுப் பையனுக்கு மருத்துவம் என்ன தெரியும்?”னு நீங்க கேட்கலாம். என் ரூம்மேட்டும் இதையேதான் கேட்டான். டோஸ் எவ்வளவுன்னு அவனை யாரும் கேட்கப் போறதில்லை. கிளினிக் எத்தனை மணிக்குத் திறந்திருந்தா உன்னால வர முடியும், உள்ள வரும்போது யார் பார்த்தா உனக்குக் கூச்சம், இதைத்தான் கேட்கணும். லண்டன்ல கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில இளையோருக்குன்னு தனி மன்றமே இருக்கு. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்து கர்நாடகத்துல கிராமப் பஞ்சாயத்துகள் ‘மக்கள கிராம சபை’ நடத்துது. கன்னடத்துல மக்களுன்னா குழந்தைகள். நம்ம ‘மக்கட்பேறு’ல இருக்குற அதே மக்கள்தான். தமிழ்நாட்டுலயும் மாவட்ட அளவுல சுகாதாரப் பேரவைகள் நடக்குது. அதுல பத்து நாற்காலியை உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினா என்ன குறைஞ்சுடும்? ஒரே ஒரு நிபந்தனை: அவங்க பேசறப்போ ஹெட்மாஸ்டர் பின்னாடி நிக்கக் கூடாது.

இதுல எனக்கே ஒரு பயம் உண்டு. கேட்டுட்டு ஒண்ணுமே செய்யலைன்னா, கேட்காம இருந்ததை விட மோசம். அடுத்த முறை அந்தப் பையன் வாயே திறக்க மாட்டான். அதனால கேட்கிறவங்க திரும்பிப் போய், நீ சொன்னதுல இது நடந்தது, இது நடக்கல, காரணம் இதுன்னு சொல்லணும். ஏழு நாள்ல சர்டிஃபிகேட் வாங்கிட்டு இறங்கி வர்ற நம்ம முகாம்களுக்கும் இது பொருந்தும்.

ஆப்பை மூட்டை கட்டியாச்சு. இப்போ எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு சார்ட் பேப்பர்ல ஆரம்பிச்சிருக்கு. அந்தப் பொண்ணும் இன்னும் நாலு பேரும் வரைஞ்ச மேப் அது. டவர் கிடைக்கிற பாறை, மழையில மூடுற பாதை, வண்டி இருக்குற மூணு வீடு, ஆம்புலன்ஸ் வந்து நிக்கக் கூடிய கடைசி இடம். பாறை வரைக்கும் ஓடாமலே வண்டிக்காரரைக் கூப்பிட ஏதாவது வழி செய்ய முடியுமான்னு பார்க்குறோம். ரிவ்யூவுல, “இதுல நாவல்ட்டி எங்க?”ன்னு கேட்டாங்க. மேப்பைக் காட்டினேன். மார்க் என்னன்னு இன்னும் தெரியல.

மார்ச் மாசம் மறுபடியும் போறோம், அவங்க சொன்னதுல எது நடந்தது, எது நடக்கலன்னு சொல்றதுக்கு. சிவில்லயோ இ.சி.இ.யிலயோ இருந்து ரெண்டு பேர் வந்தா நல்லா இருக்கும். போளூர்ல பஸ் ஏறணும். பாறை ஏறத் தகுந்த செருப்பு எடுத்துக்குங்க.