கையொப்பம் எம்முடையது, கவனக்குறைவு எவருடையது?

பனிக்காலம் பிறந்ததும் ஒன்ராறியோவில் எம் பிள்ளைகளின் புத்தகப்பைக்குள் ஒரு படிவம் வந்து சேருகின்றது. பனிச்சறுக்கு மலைக்குச் சுற்றுலா. பெற்றோர் ஒப்பமிட வேண்டுமாம். இரவுப்பணிக்குப் புறப்படும் அவசரத்தில் அம்மாவோ அப்பாவோ ஒப்பமிட்டு விடுகின்றனர். அச்சிற்றெழுத்துக்களின் சாரம் இதுதான்: எமது சொந்தக் கவனக்குறைவினால் உங்களுக்குத் தீங்கு நேர்ந்தாலும் நீங்கள் எம்மீது வழக்குத் தொடர முடியாது.

வழுக்கி விழுவது பனிச்சறுக்கின் இயல்பு. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால், பழுதடைந்த தூக்குக்கதிரையும் எச்சரிக்கைப் பலகை இல்லாத பள்ளமும் இயற்கையின் செயல்களா? சரிவைச் செதுக்குவதும், இயந்திரத்தால் பனி பொழிவிப்பதும், கட்டணம் பெறுவதும் நிர்வாகமே. இலாபம் அவர்களுக்கு, முறிந்த முதுகெலும்பு எமக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

பொறுப்பைப் பகிர்ந்தளிக்கச் சட்டம் அறியாததல்ல. போதையில் தள்ளாடிய ஒருவரை ரியூப் சறுக்கற் போட்டியில் இறங்கவிட்டது ஒன்ராறியோ விடுதியொன்று. அவரது கழுத்து முறிந்தது, கைகால்கள் செயலிழந்தன. 1988 இல் கனடிய உச்ச நீதிமன்றம் விடுதிக்கு 75 சதவீதமும் அவருக்கு 25 சதவீதமும் பொறுப்பென்ற தீர்ப்பை நிலைநிறுத்தியது. போட்டிக்கான நுழைவுப் படிவமென எண்ணி அவர் வாசியாது ஒப்பமிட்ட பொறுப்புத்துறப்பு செல்லாதெனவும் கூறியது.

எனினும் இன்றைய ஒன்ராறியோவின் நிலை வேறு. தரமான சேவைக்கான உரிமையைப் பறிக்க முடியாதென 2002 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொன்னபோதும், புளூ மவுண்டன் உள்ளிட்ட இரு விடுதிகளின் வழக்கில், இட உரிமையாளர் பொறுப்புச் சட்டத்தின்படி இப்படிவங்கள் செல்லுமென 2018 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனை மீளாய்வு செய்ய உச்ச நீதிமன்றம் 2019 இல் மறுத்துவிட்டது.

ஒட்டாவா ஆற்றைக் கடந்து பாருங்கள். கியூபெக் குடியியற் சட்டக்கோவையின் 1474 ஆம் பிரிவு, உடலுக்கு விளைவித்த தீங்கின் பொறுப்பிலிருந்து எவரும் தம்மை விடுவித்துக்கொள்ள இடமளிப்பதில்லை. அதே பனி, அதே பிள்ளை. ஆற்றின் இக்கரையில் இல்லாத உரிமை அக்கரையில் உண்டு. இவ்வுரிமையை வழங்கினால் விடுதிகள் மூடப்படும் என்கின்றனர் சிலர். கியூபெக்கின் மொன்ற் ட்ரெம்பிளான் மூடப்பட்டு விட்டதா?

பெற்றோரே! "விதி" என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஒப்பமிட்டதால் எல்லாம் முடிந்ததென்றும் எண்ணாதீர்கள். பெற்றோர் இடும் ஒப்பம் பிள்ளையின் வழக்குரிமையைப் பறிக்காதென 2009 இல் பிரித்தானிய கொலம்பிய நீதிமன்றம் தற்காப்புக்கலைப் பள்ளியொன்றின் வழக்கில் கூறியது. குரூஸ் மவுண்டன் வழக்கில், பொறுப்புத்துறப்பு வாசகத்தைப் போதியளவு முன்கூட்டியே அறிவித்தல் நிர்வாகத்தின் கடமையென 2020 இல் அம்மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்தியது. ஒன்ராறியோவிலோ 2021 முதல், பனியினால் ஏற்பட்ட காயத்துக்கு 60 நாட்களுக்குள் நேரமும் இடமும் குறிப்பிட்டு எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்று காலந்தாழ்த்துவோர் இழப்பது பெரிது.

இளையோரே! உங்கள் பங்கும் உண்டு. 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் மொன்ற் ட்ரெம்பிளானில் ஆரம்பநிலைச் சரிவிலேயே தலைக்கவசமின்றி விழுந்தார். நலமாயிருப்பதாகக் கூறி மருத்துவ உதவியை முதலில் மறுத்தார். மூளையைச் சுற்றிய இரத்தக்கசிவு இரண்டே நாட்களில் அவர் உயிரைக் குடித்தது. தலைக்கவசம் அணியுங்கள். தலையில் அடிபட்டால் வலி இல்லையென்றாலும் மருத்துவரை நாடுங்கள். மது அருந்திச் சறுக்காதீர்கள்.

பனிச்சுற்றுலாக்களை ஒழுங்கு செய்யும் எமது ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் படிவத்தின் பொருளைத் தமிழில் விளக்கிய பின்னரே ஒப்பம் பெறவேண்டும். 1474 ஆம் பிரிவுக்கு நிகரான சட்டத்தை ஒன்ராறியோவிலும் இயற்றுமாறு ஒவ்வொரு குடும்பமும் தமது மாகாண சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதவேண்டும். வாக்குக் கேட்டு எம் வாசலுக்கு வருவோரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே: எம் பிள்ளையின் முதுகெலும்பு ஒரு கையொப்பத்தின் விலைதானா?