இடுப்புத்தளப் பயிற்சியைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதாது: எங்கள் நிலைப்பாடு

சிறுநீர்க் கசிவு என்று வரும் பெண்ணிடம் "இறுக்கிப் பிடிச்சு விடும்மா, தினமும் செய்" என்று சொல்லி அனுப்புவதைச் சிகிச்சை என்று நாங்கள் ஏற்கவில்லை. இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, உடல் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறன். தசை எங்கே இருக்கிறது என்று உணரவைக்க வேண்டும். அது சரியாக அசைகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும், தவறினால் திருத்த வேண்டும். அந்த அசைவு அவளுடைய வீட்டு வேலைக்கும் கழனி வேலைக்கும் போய்ச் சேரும்வரை கூட இருக்க வேண்டும். செம்மங்குப்பம், ஆலப்பாக்கம் தொடங்கிச் சிதம்பரம் வரையுள்ள ஊர்களில் பெண்கள் உடல்நலத்துக்காக வேலை செய்யும் பிசியோதெரபிஸ்டுகளும் செவிலியர்களும் சேர்ந்து இதைப் பகிரங்கமாகச் சொல்கிறோம்.

இந்தப் பக்கத்துப் பெண்கள் இதைப் பேசும் விதமே வேறு. "தும்மினா வந்துடுது", "அடி இறங்கின மாதிரி இருக்கு" என்று, அதுவும் வேறு எதற்கோ வந்த இடத்தில், கிளம்பும்போதுதான் சொல்கிறார்கள். மல்லாட்டை பிடுங்கக் குனிகிறவர்கள், மீன்கூடை சுமக்கிறவர்கள், முந்திரி உடைக்க நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள், நூறு நாள் வேலையில் மண் தூக்குகிறவர்கள் எல்லோரிடமும் இதைக் கேட்கிறோம். கடலூருக்குப் பஸ் ஏற வேண்டுமென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று மூத்தவர்கள் சொன்னதை நம்பி வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்க வேண்டியதே இல்லை என்பதுதான் எங்களை இவ்வளவு வருத்துகிறது.

ஏனென்றால் இந்தப் பயிற்சி வேலை செய்கிறது. 2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, இருமும்போதும் தும்மும்போதும் கசிகிற பெண்களில் பயிற்சி பெற்றவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். பயிற்சி பெறாதவர்களில் 6 சதவீதம் பேர்தான். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் குறைந்தது மூன்று மாதம், பயிற்சியாளர் மேற்பார்வையில் இதைச் செய்ய வேண்டும் என்று பிரிட்டனின் 'நைஸ்' வழிகாட்டுதல் சொல்கிறது. இதில் மேற்பார்வை என்ற பகுதிதான் நம் ஊர் வந்து சேரவில்லை.

1948-இல் இந்தப் பயிற்சியை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்த அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல், தசை சரியாகச் சுருங்குகிறதா என்று விரலால் சோதித்தார். அழுத்தம் அளக்கும் கருவியையும் தாமே உருவாக்கி, முள் நகர்வதை அந்தப் பெண்ணையே பார்க்கவைத்தார். பின்னால் பயிற்சி அவர் பெயரோடு உலகம் முழுக்கப் பரவியது. சோதித்துப் பார்ப்பது பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. அதன் விளைவை 1991-இல் ஓர் ஆய்வு காட்டியது. வாய்மொழியாகச் சுருக்கமாக விளக்கம் பெற்ற 47 பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் செய்தது கசிவை அதிகமாக்கக்கூடிய வகையில் இருந்தது.

அந்த நான்கில் ஒருவரை எங்களுக்குத் தெரியும். மேலே இழுப்பதற்குப் பதிலாக அவர் கீழே முக்குகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. உடம்பின் அந்தப் பகுதியைப் பற்றி வாழ்நாளில் ஒருவர் அவருக்கு நேரடியாகச் சொன்ன ஒரே கட்டளை பிரசவ அறையில் கேட்ட "முக்கும்மா, முக்கு" என்பதுதான். பிறகு யாரோ "இறுக்கு" என்றால், தெரிந்த ஒன்றைத்தான் உடம்பு செய்யும். இன்னும் சிலர் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள், புட்டத்தையும் தொடையையும் இறுக்குகிறார்கள், வயிற்றைப் புடைக்கிறார்கள். கையை மடக்கினால் மடங்குவது கண்ணுக்குத் தெரியும். முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை உள்ளே விரிந்திருக்கும் இந்தத் தசைகள் எந்த மூட்டையும் வெளியே தெரிய அசைப்பதில்லை. பார்க்க முடியாத, பேசவும் கூடாத ஓர் இடத்தை ஒருத்தி தானாகவே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நாற்றை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்பதை நம் பெண்கள் நோட்டீஸ் படித்துக் கற்கவில்லை. பக்கத்தில் ஒருத்தி நின்று கையைத் திருத்தித்தான் கற்றார்கள்.

கற்றுத்தருவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். துண்டைச் சுருட்டிப் பாயில் போட்டு, அதன்மேல் நீளவாக்கில் உட்காரச் சொல்கிறோம். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் பின்வாயை மெல்ல இழுத்து, அதை முன்பக்கம் கொண்டுவரச் சொல்கிறோம். சரியாகச் செய்தால் துண்டிலிருந்து உடம்பு மேலே விலகுவது தெரியும். முக்கினால் துண்டின்மேல் அழுத்தும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை உணர்ந்துவிட்டால் மற்றது எளிது. அந்த நேரத்தில் பேசச் சொல்வோம், மூச்சடக்கினால் உடனே தெரிந்துவிடும். விரல் பரிசோதனை கூடுதல் தெளிவு தரும் என்றாலும், ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வேண்டாம் என்பவருக்கு வயிற்றின்மேல் வைக்கும் சாதாரண ஸ்கேனிலேயே சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி உயர்வதைக் காட்டலாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாகச் சொல்லித்தரவே கூடாது. அது சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதைக் கெடுக்கக்கூடும்.

தளர்த்துவது இந்தத் திறனில் பாதி. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் தசை முழுதாக இறங்க வேண்டும். உறவின்போது வலி, மலம் கழிப்பதில் சிரமம் என்று வரும் சிலருக்குத் தசை ஏற்கெனவே இறுகியே கிடக்கும். அவர்களிடம் இன்னும் இறுக்கச் சொன்னால் வலிதான் கூடும். யாருக்கு எது என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுப்பதை நாங்கள் எதிர்க்க இதுவும் ஒரு காரணம்.

பாயில் உட்கார்ந்து கற்றது குடம் தூக்கும்போது தானாக வந்துவிடாது. நின்று, குந்தி, சுமை தூக்கி என ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியாகப் பழக வேண்டும். 1998-இல் அமெரிக்காவில் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் வயதான பெண்களுக்கு ஒன்றே ஒன்றைக் கற்றுத்தந்தார்கள்: இருமுவதற்குச் சற்று முன்னால் தசையை இழுத்துக்கொள்வது. ஒரே வாரத்தில், நடுத்தர இருமலின்போது கசிவு ஏறத்தாழ முழுதாகவே குறைந்தது. ஒரு வாரத்தில் தசை பெருத்து வலுவாகிவிடாது. நேரம் பார்த்து இழுக்கத் தெரிந்ததுதான் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. வலுவுக்கு மாதக்கணக்காகும், அதற்கும் உழைக்கத்தான் வேண்டும். ஆனால் திறன் முதல் வாரத்திலேயே பலன் தரும் என்பதைப் பெண்களிடம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் பாதியில் விடமாட்டார்கள்.

கருவி இல்லாததால்தான் இங்கே முடியவில்லை என்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. பிரிட்டனில் 600 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான 'ஓபல்' ஆய்வில், தசையின் மின் அசைவைத் திரையில் காட்டும் கருவியோடு பயின்றவர்களுக்கும், பயிற்சியாளரிடம் கருவியின்றிப் பயின்றவர்களுக்கும் இரண்டு ஆண்டுக்குப் பிறகு குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. பணம் செலவாக வேண்டியது பயிற்சியாளரின் நேரத்துக்கு.

அந்த நேரத்தைத் தருவதற்கான கட்டமைப்பு தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். இடுப்புத்தளப் பயிற்சியும் அவர்களின் வேலைப் பட்டியலில் தெளிவாக இடம்பெற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே கற்றுத்தரத் தொடங்க வேண்டும், பிரசவமான ஆறாவது வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். சிசேரியன் ஆனவர்களையும் விடக்கூடாது. கர்ப்பத்தின் பாரத்தையும் இந்தத் தசை சுமந்திருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் "இருமினா, தும்மினா கசியுதா?" என்று தாமாகவே கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் மற்ற கல்லூரிகளிலும் பிசியோதெரபி படிப்பவர்கள் இதைப் புத்தகத்தில் மட்டும் பார்த்துவிட்டு வெளியே வரக்கூடாது.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சதை வெளியே தள்ளி நிற்பது என்றால் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பின் கசிவால் வெளியே வரவே தயங்கும் ஆண்களுக்கும் இதே பயிற்சி உண்டு, அவர்களையும் நாங்கள் பார்க்கிறோம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் எந்தச் சுகாதார நிலையம் அழைத்தாலும் செவிலியர்களுக்குக் கற்றுத்தர எங்கள் உறுப்பினர்கள் வருவார்கள். பாயும் துண்டும் நாங்களே கொண்டுவருகிறோம். கதவு சாத்தும் ஓர் அறையை மட்டும் ஒதுக்கித் தாருங்கள்.