கடல் எவன் அப்பன் வீட்டுச் சொத்து?

பன்னெண்டாவது முடித்த பெண். சிதம்பரம் பக்கத்துச் சேரி. கேட்டாள்: “அண்ணே, கடல் உயிரியல்னு ஒரு படிப்பு இருக்காமே. நாமெல்லாம் அதப் படிக்கலாமா?”

கவனியுங்கள் தோழர்களே. ‘எங்கே படிக்கிறது’ என்று அவள் கேட்கவில்லை. ‘படிக்கலாமா’ என்று அனுமதி கேட்கிறாள். யாரிடம்? கேள்விக்குள்ளேயே சாதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அவள் ஊருக்குப் பக்கம்தான் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பிச்சாவரம். அங்கே இருளர் சனங்கள் தண்ணீருக்குள் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். எந்தச் சேற்றில் எது பதுங்கும் என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். அதே இறாலைப் பாட்டிலில் போட்டு, பார்மலின் ஊற்றி, லத்தீன் பேர் ஒட்டுகிறவன் விஞ்ஞானி. தடவிப் பிடித்தவள் கூலி.

லத்தீன் பேரைக் கேலி பண்ணவில்லை. அந்தப் பேரும் நமக்கு வேண்டும், மைக்ரோஸ்கோப்பும் வேண்டும். ‘ஆகா, பாரம்பரிய அறிவு’ என்று முதுகில் தட்டிவிட்டு நம்மைச் சேற்றிலேயே நிறுத்தி வைக்கிற தந்திரம்தான் வேண்டாம்.

ஏன் வேண்டும்? தொண்ணூறுகளில் நாகைப் பக்கம் இறால் பண்ணைகள் வந்தன. வயல் உப்பானது, குடிதண்ணீர் உப்பானது. கூலி போச்சு. தலித் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வாயில் கரித்த உப்பு கோர்ட்டுக்குச் சாட்சியாகப் போதவில்லை. நீரி என்கிற ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2005-ல் தனிச் சட்டம் போட்டு மறுபடி பண்ணைகளுக்குக் கதவு திறந்தார்கள். நாளைக்கு அடுத்த அறிக்கையை எழுதப்போகிற கை எவன் கை? அது ஏன் நம்ம கையாக இருக்கக் கூடாது?

வழி ஒன்றும் மாய மந்திரம் இல்லை. சொல்லத்தான் ஆள் இல்லை. முதல் கதவு பதினொண்ணாம் வகுப்பு. “உனக்கெல்லாம் சயின்ஸ் வராது, வேற குரூப் எடு” என்று வாத்தியார் சொல்கிற அன்றைக்கே பாதிக் கடல் போய்விடுகிறது. விடாதே, உயிரியல் உள்ள குரூப்பைக் கேட்டு வாங்கு. அடுத்து இரண்டு பாதை. ஒன்று, நான்கு வருச மீன்வள அறிவியல் பட்டம். தூத்துக்குடியில் 1977 முதல் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 2012-ல் மீன்வளப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. இன்னொன்று, மூன்று வருசம் விலங்கியல், பிறகு இரண்டு வருசம் கடல் உயிரியல் முதுகலை. அதற்குமேல் நெட் தேர்வு. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாசம் 37,000 ரூபாய். தலித் மாணவர்களுக்கென்று தனி தேசிய ஆய்வு உதவித்தொகையும் உண்டு. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம், மாநில மீன்வளத்துறை என்று வேலைக்கும் இடம் உண்டு.

“நீச்சலே தெரியாதேண்ணே” என்றாள். எப்படித் தெரியும்? ஊர்க் கிணற்றில் குதித்தால் அடித்தவர்கள்தானே இவர்கள். கற்றுக்கொள்ளலாம் தாயி. கடல் உயிரியலில் முக்கால்வாசி வேலை படகிலும் பரிசோதனைச் சாலையிலும்தான்.

படித்து உள்ளே போனபின் இன்னொரு சுவர் நிற்கிறது. 1975-ல் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. ஆராய்ச்சி செய்கிற, ஆராய்ச்சியை வழிநடத்துகிற அறிவியல் பதவிகளில், குரூப் ‘ஏ’-வின் அடிப்படிக்கு மேலே இடஒதுக்கீடு தர வேண்டியதில்லை என்றது. அதாவது வாசற்படி வரைக்கும் நீ வரலாம், நடுவீடு அவர்களுக்கு. கேட்டால் ‘மெரிட்’ என்பார்கள். சேற்றுக்குள் ஒளிந்த இறாலைக் கண்ணால் பார்க்காமலே பிடிக்கிறாளே, அது என்ன மெரிட்டாம்? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில், கடல் ஆராய்ச்சியின் நடுவீட்டில் நம்ம ஆட்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு நிறுவனத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். எண்ணிக்கை கையில் இருந்தால் சண்டைக்கு அது ஆயுதம்.

கல்லூரியில் படிக்கிற தோழர்களே, கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலைந்தது போதும். மே மாசம் சேரிக்குப் போங்கள். பத்தாவது முடித்த பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குக் கூடவே போய் குரூப் வாங்கிக் கொடுங்கள். பன்னெண்டாவது முடித்தவர்களுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்யுங்கள். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் அவர்களோடு நில்லுங்கள்.

1927-ல் மகாடு குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். எவனிடமும் ‘குடிக்கலாமா’ என்று கேட்கவில்லை.

நீயும் கேட்காதே தங்கச்சி. இறங்கு.