படம் பெரிதா, முட்டை பெரிதா?

சென்ற வருட ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் மன்னாரிலுள்ள மாமி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு நண்பகல், நானாவும் நானும் களப்போரமாக நடந்தபோது சிறிய பறவையொன்று எங்கள் முன்னால் ஓடியது. திடீரென ஒரு சிறகை நிலத்தில் இழுத்தபடி நொண்டத் தொடங்கியது. சிறகு முறிந்துவிட்டதென்று நினைத்து, கைத்தொலைபேசியோடு அதன் பின்னால் போனேன். சற்றுத் தூரம் போனதும் அது நன்றாகவே பறந்துவிட்டது.

திரும்பி வரும்போது நானா என் கையைப் பிடித்து நிறுத்தினார். என் காலடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வெறும் மணலில், மணல் நிறத்திலேயே மூன்று முட்டைகள்!

அப்போதும் நான் குனிந்து ஏழெட்டுப் படங்கள் எடுத்தேன். பறவை தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. படத்துக்குப் பாராட்டுகள் குவிந்தன. முட்டைகள் பொரித்தனவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது உப்புக்கொத்தி என்பதைப் பின்னர் அறிந்தேன். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இவ்வகை 'அனுமன் உப்புக்கொத்தி' என்ற தனி இனமாக 2023இல்தான் அடையாளம் காணப்பட்டது. நொண்டியது நடிப்பு, எங்களைக் கூட்டிலிருந்து விலக்கவே அது அப்படிச் செய்தது. நண்பகலில் அது முட்டைகளின் மேல் இருப்பது வெயிலிலிருந்து காக்கவே. நாங்கள் நின்ற ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் சுட்டன. எங்கள் காலடித் தடத்தைப் பார்த்துக் காகமும் வந்திருக்கலாம்.

பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவிப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டதை நாம் ஹதீஸில் படித்திருக்கிறோம். நான் முட்டையைத் தொடவில்லைதான். ஆனால் தாயைத் தவிக்கவிட்டேனே!

அப்படியானால் பறவைகளைப் பார்க்கவோ படமெடுக்கவோ கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. குளிர்காலத்தில் நமது களப்புகளுக்கு வந்து மீன் பிடிக்கும் விராலடிப்பான் இங்கே கூடு கட்டுவதில்லை. ஸ்கொட்லாந்தில் அது கூடு கட்டும். வேட்டையாலும் முட்டை சேகரிப்பாலும் அங்கே அற்றுப்போயிருந்த அந்தப் பறவை, 1950களில் மீண்டும் வந்தது. 1958இல் லொக் கார்ட்டன் ஏரிக்கருகே ஒரு கூட்டிலிருந்து முட்டைகள் திருடப்பட்டன. அடுத்த வருடம் கூட்டுக்குக் காவல் போட்டு, தூரத்தில் பார்வையிடம் அமைத்துப் பொதுமக்களையும் அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். குஞ்சுகளும் பொரித்துப் பறந்தன. தூரத்தைப் பேணினால், பார்ப்பவர்களே பாதுகாவலர்களாகவும் ஆகலாம் என்பதற்கு இது சான்று.

எனவே, தரையில் கூடுள்ள இடங்களில் நாமும் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிப்போம். பறவை கத்தினாலோ நொண்டினாலோ வந்த தடத்திலேயே பின்வாங்குவோம். வெயில் வேளையில் கூட்டருகே நில்லாதிருப்போம். காவலில்லாத கூட்டின் இடத்தை இணையத்தில் பகிராதிருப்போம். பறக்கும் படத்துக்காகப் பூநாரைக் கூட்டத்தைக் கலைக்காதிருப்போம்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு பறவைக்கூட்டின் படத்தைக் கொண்டுவந்து காட்டினால், "அழகு" என்று சொல்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தாய், மகள்?"