எது டூப்ளிகேட்? (எவர்சில்வர், தூண்டில் ரீல், ஒரு லேத் பட்டறை)

முன்குறிப்பு: இது மீன் பிடிக்கிற பதிவு மாதிரி இருக்கும், ஆனா மீன் பிடிக்காதவங்களும் படிக்கலாம். மிக்ஸி ரிப்பேர் பண்ணி ஏமாந்த அனுபவம் இருந்தா போதும் :-)

போன வாரம் பதிவர் நண்பர் ஒருத்தர் போன் பண்ணார். நல்ல மனுஷன், எனக்கு முன்னாடியே தூண்டில் பிடிச்சவர். குசலம் விசாரிச்சு முடிச்சதும் மெதுவா ஆரம்பிச்சார். "ஏன்யா, அந்தப் பழைய ரீலுக்கு எங்கியோ லேத்துல கடைஞ்சு போட்டியாமே? டூப்ளிகேட் பார்ட் போட்டு அதைக் கெடுக்கறதுக்கு, புதுசா ஒண்ணு வாங்கித் தொலைய வேண்டியதுதானே?"

போனில் சிரிச்சு மழுப்பிட்டேன். ராத்திரி தூக்கம் வரலை. அந்த 'டூப்ளிகேட்'ங்கற வார்த்தை முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்தது. அதுக்குத்தான் இந்தப் பதிவு. அண்ணே, நீங்க படிப்பீங்கன்னு தெரியும். கோவிச்சுக்காதீங்க.

எங்க ஊர் வளையமாதேவி. 2023 ஜூலையில் நட்ட நெல்லு மேல பொக்லைன் இறங்கினப்போ டிவி பார்த்த எல்லாருக்கும் எங்க ஊர் பேரு தெரிஞ்சுபோச்சு. அதைப் பத்தி தனியா எழுதணும். இந்தப் பதிவு ரீல் பத்தி. ஆனா அந்த விஷயம் கடைசியில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், இப்பவே சொல்லிட்டேன்.

சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியா வண்டியை விட்டா பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடல்ல கலக்கிற இடம். ஞாயித்துக்கிழமை ஆனா நமக்கு அங்கதான் ஜாகை. என்கிட்ட இருக்கறது ஒரு பழைய வெளிநாட்டு ரீல் (கம்பெனி பேரு வேண்டாம்). அதுக்குள்ள என்ன இருக்குன்னு சுருக்கமா சொல்லிடறேன், இல்லேன்னா சண்டை புரியாது.

கைப்பிடியைச் சுத்தினா 'கியர் ஸ்லீவ்'னு ஒரு சின்னக் குழாய் சுத்தும். அது மேலதான் பெரிய பல்சக்கரம் உட்கார்ந்திருக்கும். பல்சக்கரத்துக்குள்ள வாஷர்களை அடுக்கி வெச்சிருப்பாங்க. வெளியில் இருக்கற நட்சத்திர மரையைத் திருகினா வாஷர்கள் நெருங்கி இறுகும். அதுதான் டிராக். மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துபோகாம, கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்கறது அதோட வேலை. ஸ்லீவ் பின்னாடி சுத்தாம ஒரு குட்டி நாக்கு தடுத்து நிறுத்தும். அதுக்கு இங்கிலீஷ்ல 'டாக்'. ஆமா, நாய்தான். காவல் காக்குதுல்ல :-)

பழைய ரீல்கள் பலதில் ஸ்லீவ் பித்தளை, மேல குரோம் பூச்சு. அந்தக் காலத்து வாஷருக்கு அது போதும். நாம என்ன பண்றோம்? கார்பன் ஃபைபர் வாஷர் வாங்கிப் போட்டு டிராக்கை ஏத்தி விடறோம். இழுவை மொத்தமும் ஸ்லீவ் மேல வருது. வாஷர் பிடிச்சு நிக்கற பட்டை வழவழன்னு தேயுது, மரை போகுது. அதனாலதான் ஸ்டீல் ஸ்லீவ் தேடறாங்க.

நானும் தேடினேன். ஒரு கடையில் 'ஃபுல் எஸ்எஸ் அப்கிரேட் கிட்'னு பளபளன்னு ஒரு டப்பா கொடுத்தாங்க. ஸ்லீவும் எஸ்எஸ், நட்சத்திர மரையும் எஸ்எஸ். மேல அழகா பிராண்ட் பேரு, பாலிதீன் கவர், ஸ்டிக்கர். "316 சார், கடல் கிரேடு"ன்னு சத்தியம் பண்ணாத குறை. மூணு மாசம் தாங்கலை. முதல்ல பழுப்புப் புள்ளி வந்தது. அப்புறம் ஒருநாள் ஃபைபர் போட்டில் போனப்போ பெரிய பாறை ஒண்ணு மாட்டிச்சு. டிராக்கைத் தளர்த்தலாம்னு மரையைத் திருகறேன், அசையலை. மரை மரையோட கவ்விக்கிச்சு. நரம்பு அறுந்தது, மீன் போச்சு, விரல்ல வெட்டுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து, பழைய இரும்புக் கடைக்காரங்க வெச்சிருப்பாங்களே அந்தச் சொட்டு மருந்து, அதை விட்டு பேட்டரியை வெச்சுப் பார்த்தேன். செக்கச் செவேல்னு ஆச்சு. அதாவது 200 வரிசை. 316 இல்லை, 304 கூட இல்லை.

நாம எல்லாத்தையும் 'எவர்சில்வர்'னு ஒரே வார்த்தையில் முடிச்சிடறோம். என்ன ஒரு பேரு! 'என்றும் வெள்ளி'. வெங்காயம்! டம்ளர்ல 18/8னு குத்தியிருப்பாங்களே, அது 304: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சாம்பாருக்கு அது ராஜா. கடல் உப்புக்கு முன்னாடி புள்ளி புள்ளியா அரிக்கும். 316ல் 2லிருந்து 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பாங்க, உப்பை எதிர்த்து நிக்கறது அதனாலதான். அதையும் நல்ல தண்ணியில் கழுவி வெக்கணும். 202ல் நிக்கல் விலையை மிச்சம் பிடிக்க மாங்கனீசு ஏத்தியிருப்பாங்க. காந்தம் வெச்சுப் பார்த்தா மூணுமே ஒட்டாது. அதனால "காந்தம் ஒட்டலை, ஒரிஜினல் ஸ்டீல்"னு சொல்றவரை நம்பாதீங்க.

இப்ப லேத் கதைக்கு வர்றேன். எனக்குக் கடைஞ்சு கொடுத்தது ஐடிஐயில் டர்னர் படிச்ச ஒரு தம்பி. தேய்ஞ்ச பழைய ஸ்லீவை வாங்கினான், வெர்னியர் வெச்சு அளந்தான், நோட்டுல படம் போட்டான். நான் "ஃபுல்லா எஸ்எஸ்லயே போடு"ன்னேன். முறைச்சான்.

"அண்ணே, எஸ்எஸ்ஸும் எஸ்எஸ்ஸும் உரசினா கவ்விக்கும். அதான் உங்களுக்கு ஆச்சு. ஸ்லீவை 316ல போடறேன், நட்சத்திர மரை பழைய பித்தளையே இருக்கட்டும். அப்புறம் 316 துருவுக்கு நல்லது, ஆனா மெத்துனு இருக்கும். அதைச் சூடு பண்ணிக் கெட்டியாக்க முடியாது. நாக்கு தட்டுற பல்லு வருஷாவருஷம் பார்த்துக்கங்க. தேய்ஞ்சா கொண்டு வாங்க. கெட்டியாவும் வேணும், துருவும் பிடிக்கக் கூடாதுன்னா 17-4னு ஒரு ஸ்டீல் இருக்கு, ராடு கிடைச்சா சொல்றேன்."

கவனிச்சீங்களா? என்ன உலோகம், அது எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாது, எப்ப தேயும், எல்லாத்தையும் காசு வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டான். நானே இன்னொரு துளி மருந்து விட்டுப் பார்த்துக்க ராடுல ஒரு துண்டு வெட்டியும் கொடுத்தான். சிவக்கலை.

இப்ப சொல்லுங்க அண்ணே, எது டூப்ளிகேட்? ஸ்டிக்கர் ஒட்டி 202ஐ 316னு வித்ததா? இல்ல, 'இது நான் கடைஞ்சது'ன்னு சொல்லிக் கொடுத்ததா? அடுத்தவன் பேரைப் போட்டு விக்கறதும், இல்லாத சரக்கை இருக்குன்னு சொல்றதும்தான் டூப்ளிகேட். தன் பேர்ல தன் கையால செஞ்சது எப்படிங்க டூப்ளிகேட் ஆகும்?

"வெளிநாட்டுல இப்படியெல்லாம் பண்ணுவாங்களா?"ன்னு கேப்பீங்க. பண்ணாங்க. 1932ல் ஃபிலடெல்ஃபியாவில் ஆரம்பிச்ச பென் கம்பெனியோட ரீல்களைச் சுத்தி ஒரு குட்டி உலகமே இருக்கு. 1970களில் கலிஃபோர்னியாவில் கார்ல் நியூவெல்னு ஒருத்தர் பென் ரீலுக்கு அலுமினிய மாற்றுப் பாகங்கள் செஞ்சு வித்து, பிறகு சொந்தமா ரீலே செஞ்சார். அக்யூரேட்டும் அப்படித்தான். விமானத் தொழிலுக்குப் பாகங்கள் செஞ்ச பட்டறை, பென் ரீலுக்குச் சட்டம் செஞ்சு கொடுத்து, அப்புறம் ரீல் கம்பெனி ஆச்சு. அவங்க செஞ்சா 'கஸ்டம்', சேத்தியாத்தோப்புல செஞ்சா 'டூப்ளிகேட்'டா? என்ன நியாயம் இது?

அவ்வளவு தூரம் எதுக்கு? நான் மீன் பிடிக்கிற பரங்கிப்பேட்டையிலேயே 1830ல் ஜோசையா மார்ஷல் ஹீத்ங்கற வெள்ளைக்காரர் இரும்பு ஆலை ஆரம்பிச்சார். பிற்பாடு இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கற முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதையே கொஞ்சம் மாத்தி, அவருக்குக் காசு கொடுக்காம பயன்படுத்தினாங்க. கேஸ் வருஷக்கணக்கா இழுத்தது. டூப்ளிகேட்னா அதுதாங்க டூப்ளிகேட்! மாங்கனீசு கெட்டது இல்லை. மாங்கனீசை நிக்கல் விலைக்கு விக்கறதுதான் கெட்டது.

லேத்காரங்களையும் விடப் போறதில்லை. எல்லாரும் அந்தத் தம்பி மாதிரி இல்லை. "எந்த கிரேடு?"ன்னு கேட்டா "எல்லாம் ஸ்டீல்தான் சார்"னு சொல்ற பட்டறைகளையும் பார்த்திருக்கேன். பில்லுல கிரேடு எழுதிக் கொடுக்காதவன்கிட்ட வேலை கொடுக்காதீங்க. அவங்களாலதான் நல்லவனுக்கும் கெட்ட பேரு.

அரசாங்கம் 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு இணையதளம் தொடங்கிச்சு. விவசாயக் கருவி, செல்போன் மாதிரி மின்னணுப் பொருள், வீட்டுச் சாமான், வண்டி, இந்த நாலுதான் கணக்கு. நல்ல விஷயம்தான். ஆனா ரீல் மாதிரி ஆயிரம் சின்னச் சாமானுக்கு, கம்பெனி பார்ட் செய்யறதை நிறுத்திட்டா, நம்ம உரிமைங்கறது பக்கத்துத் தெரு லேத்துதான். அந்த லேத்து மூடிட்டா எந்தத் தளமும் ஸ்லீவ் கடைஞ்சு தராது.

கடைசியா, எட்டிப் பார்க்கும்னு சொன்ன விஷயம். அந்தத் தம்பி வீட்டு நிலமும் சுரங்கத்துக்குப் போயிடிச்சு. ஒப்பந்த வேலைக்குக் கொஞ்ச நாள் போனான், ஒத்து வரலை. இப்ப வாடகை ஷெட்டுல ஒரு பழைய லேத்து. மோட்டார் புஷ், பம்ப் ஷாஃப்ட், நடுவுல என் ரீல். வயல் போனப்புறம் அவன்கிட்ட மிச்சம் இருக்கறது அந்தக் கை மட்டும்தான். அதையும் 'டூப்ளிகேட்'னு ஒரு வார்த்தையில் தள்ளிட்டு, ஸ்டிக்கர் ஒட்டின டப்பாவுக்குக் காசு கொடுக்கறோமே, இது அடுக்குமா அண்ணே?

டிஸ்கி 1: ஸ்லீவ் போட்டு ஒரு வருஷம் ஆச்சு. பழுப்புப் புள்ளி இல்லை. பல்லு லேசா தேய்ஞ்சிருக்கு, அவன் சொன்ன மாதிரியே.

டிஸ்கி 2: பாறை இன்னும் மாட்டலை. அதுக்கு லேத்துல வழி இல்லையாம் :-(

பின்னூட்டத்துல திட்டறவங்க திட்டலாம். ஆனா அதுக்கு முன்னாடி உங்க வீட்டு 'எஸ்எஸ்' என்ன கிரேடுன்னு கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.