உஷ்ணமானியின் இரு கணக்குகளும் உழைப்பவரின் உயிரும்

கோடைக் காலத்தில் கள்ளக்குறிச்சி ஜில்லாவின் குடியானவர் ஒரே நாளில் இரு எண்களைக் கேட்கிறார். வானிலை இலாகாவின் அறிவிப்பு 40 டிகிரி என்று கூறுகிறது. மறுநாட் பத்திரிகை அதே வெயிலை 104 டிகிரி என்று எழுதுகிறது. இரண்டும் ஒன்றே. முன்னது செல்சியஸ் கணக்கு; பின்னது பாரன்ஹீட் கணக்கு. ஆயினும் அளவின் பெயர் வாய்மொழியில் உதிர்ந்துபோய், எண் மட்டும் ஊருக்குள் வருகிறது. 40 என்பது சிறிய எண்ணாகையால் அச்சம் தருவதில்லை. 100 என்பது நிறைந்த எண்ணாகையால், அதைத் தொடாத நாள் அபாயமற்ற நாள் என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. இவ்விரு மயக்கங்களும் நீங்கினாலன்றி வெயிலில் உழைப்போருக்குப் பாதுகாப்பில்லை.

இவ்விரு கணக்குகளும் தோன்றிய வரலாறு சுருக்கமானது. பாரன்ஹீட் என்பவர் தமது அளவை 1724ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுவீடன் தேசத்து வானசாஸ்திரி செல்சியஸ், நீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் இடைப்பட்ட தூரத்தை நூறு பங்காக்கும் முறையை 1742இல் வகுத்தார். நெடுங்காலம் சென்டிகிரேட் என வழங்கிய அவ்வளவுக்கு 1948ஆம் ஆண்டு முதல் செல்சியஸ் என்ற பெயரே நிலைத்தது. நீர் உறையும் நிலை செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. கொதிக்கும் நிலை முன்னதில் 100, பின்னதில் 212. ஆகவே செல்சியஸின் 100 பங்குகள் பாரன்ஹீட்டின் 180 பங்குகளுக்குச் சமம். அதாவது 5க்கு 9.

இக்கணக்கை மனத்திலேயே போடலாம். செல்சியஸ் எண்ணை இரட்டித்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்ட வேண்டும். 40ஐ இரட்டித்தால் 80. எட்டைக் கழித்தால் 72. 32 கூட்டினால் 104. திருப்பிப் போடுவதற்கு, பாரன்ஹீட் எண்ணில் 32 கழித்து, மீதியைப் பாதியாக்கி, அப்பாதியில் ஒன்பதில் ஒரு பங்கை அதனுடன் சேர்க்க வேண்டும். 113இல் 32 போக 81, பாதி நாற்பதரை, அதில் ஒன்பதில் ஒரு பங்கு நாலரை, ஆக 45. சென்னையில் 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பதிவான உஷ்ணம் இதுவே. கீழ்க்கண்ட ஐந்து எண்களை நினைவில் வைப்பவருக்குக் கோடை முழுவதற்கும் அதுவே போதும்.

30 செல்சியஸ் — 86 பாரன்ஹீட்
35 செல்சியஸ் — 95 பாரன்ஹீட்
37 செல்சியஸ் — 98.6 பாரன்ஹீட்
40 செல்சியஸ் — 104 பாரன்ஹீட்
45 செல்சியஸ் — 113 பாரன்ஹீட்

கற்றவரும் தவறும் இடம் ஒன்று உண்டு. ஏக்கரை ஹெக்டேராக்குவது வெறும் பெருக்கல் கணக்கு. ஏனெனில் இரண்டும் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. உஷ்ண அளவுகளோ வெவ்வேறு இடத்தில் தொடங்குகின்றன. அதனாலேயே 32 வருகிறது. ஆனால் "வழக்கத்தைவிட இத்தனை டிகிரி அதிகம்" என்று வித்தியாசத்தைக் கூறும்போது 32ஐச் சேர்க்கலாகாது. சமவெளியில் உஷ்ணம் 40 செல்சியஸையேனும் எட்டி, வழக்கத்தைவிட நாலரை டிகிரியேனும் மிகுந்தால் அதை வெப்ப அலை என்று இந்திய வானிலை இலாகா கொள்கிறது. அந்த நாலரை டிகிரி பாரன்ஹீட்டில் 8.1 ஆகும். வழக்கமான பகல் உஷ்ணம் 36 ஆக இருக்குமிடத்தில் அது நாற்பதரை ஆனால், 96.8 என்பது 104.9 ஆகிறது, வித்தியாசம் அதே 8.1.

பயிர்க் கணக்கிலும் இவ்வாறே. இரவு உஷ்ணம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால், வறண்ட பருவத்து நெல்லின் மகசூல் பத்தில் ஒரு பங்கு குறைவதாகப் பிலிப்பைன்ஸிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு 2004இல் காட்டியது. இந்த 1 டிகிரி, பாரன்ஹீட்டில் 1.8 மட்டுமே, 33.8 அன்று.

இனி, எந்த எண்ணில் அபாயம் தொடங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஜுரமானியில் 104 கண்டால் எந்தத் தாயும் பதறி வைத்தியரிடம் ஓடுவாள். அதே 104 ஆகாயத்தில் நிற்கும்போது வேலை நிறுத்தப்படுவதில்லை. காற்றின் உஷ்ணமும் உடலின் உஷ்ணமும் ஒன்றல்லவெனினும், இரண்டுக்கும் உறவுண்டு. மனிதத் தோலின் உஷ்ணம் சுமார் 35 செல்சியஸ். காற்று அதற்குக் கீழிருக்கும்வரை உடலின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேற்பட்டால் தன் சூட்டை உடலுக்குக் கொடுக்கிறது. அப்பொழுது உடலுக்கு எஞ்சும் ஒரே வழி வியர்வை உலர்தலே. ஆகவே 95 பாரன்ஹீட்டிலேயே கவனம் தொடங்க வேண்டும். 100 வரை காத்திருப்பதில் நியாயமில்லை.

வியர்வை உலர்வதும் எல்லா நாளும் ஒரே விதமன்று. வறண்ட காற்றுள்ள நாளில் மண்பானை நீர் குளிர்ந்திருப்பதையும், புழுக்கமான நாளில் அது குளிராமற் போவதையும் எல்லோரும் அறிவர். பானையின் மேல் நீர் உலராத நாளில் மேனியின் வியர்வையும் உலராது. இதையே விஞ்ஞானிகள் ஈரத்துணி சுற்றிய உஷ்ணமானியால் அளந்து, ஈரக்குமிழ் உஷ்ணம் என்கின்றனர். அது 35 செல்சியஸை எட்டினால், திடகாத்திரமானவர் நிழலில் சும்மா இருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கார் என்று கணக்கிட்டிருந்தனர். அமெரிக்காவில் இளைஞர்களைக்கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனையோ, எல்லை சுமார் 31 டிகிரி என்றே காட்டிற்று. கடலூர்க் கரைக்கும் சேலத்து வறட்சிக்கும் இடையே கிடக்கும் கள்ளக்குறிச்சிச் சீமையில், வறண்ட வெயிலும் புழுக்கமும் மாறி மாறி வரக்கூடும். ஒரே எண்ணை நம்புவது இங்குப் போதாது.

மேலும், அறிவிக்கப்படும் உஷ்ணம் நிழலில் எடுக்கப்படுவது. தரைக்குச் சுமார் 4 அடி உயரத்தில், காற்றுப் புகும் வெண்ணிறப் பெட்டிக்குள் உஷ்ணமானி வைக்கப்பட்டிருக்கும். கரும்புச் சோலையினுள் காற்றசைவின்றிக் குனிந்து வெட்டுபவருக்கு அப்பெட்டியின் நிழல் இல்லை.

கல்வராயன் மலையினின்று இறங்கி வருவோர் நிலை இதனினும் கடினம். அம்மலைத்தொடர் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரமுடையது. உயரத்தால் மட்டுமே சமவெளியைவிட ஏறத்தாழ 4 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி உண்டு. மலைப்பாங்கான இடங்களுக்கு வெப்ப அலையின் அளவுகோலை வானிலை இலாகா 40க்குப் பதிலாக 30 என்று வைத்திருப்பது இக்காரணம் பற்றியே. வெள்ளிமலைக் காற்றில் பழகிய உடல் கச்சிராயபாளையத்து வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாளிலேயே முழு வேலை வாங்குவது அவ்வுடலுக்குச் செய்யும் தீங்கு.

"முன்னோர் இதே வெயிலில் உழவில்லையா?" என்று கேட்போர் உண்டு. முன்னோர் விடியுமுன் ஏர் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்தனர். இக்காலத்தில் கரும்பு வெட்டுக்கூலி டன் கணக்கில் பேசப்படுகிறது. உச்சிப்பொழுதில் ஓய்ந்தவருக்குக் கூலி குறைகிறது. ஆதலால் உஷ்ணத்தை அறிந்தவரும் ஓய இயலாது. அக்கினி நட்சத்திரம் பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் சரியன்று. 2024இல் அது பிறக்குமுன், ஏப்ரல் மாதத்திலேயே சேலமும் ஈரோடும் 40 செல்சியஸைக் கடந்தன. அவ்வாண்டின் அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என விதித்தது. அது வேண்டுவதே, ஆனால் இறந்தபின் வரும் பணத்தைவிட, முன்னரே கிடைக்கும் மூன்று மணி நேர நிழல் மேலானது.

ஆகவே செய்யத்தக்கவை இவை. பத்திரிகைகளும் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகைகளும் இரு அளவுகளையும் பெயருடன் சேர்த்தே எழுத வேண்டும். "சதம்" என்னும் விளையாட்டுச் சொல்லை வெயிலுக்கு வழங்குதல் ஒழிய வேண்டும். 35 செல்சியஸைக் கடக்கும் நாட்களில் அடிக்கடி நீரும் நிழலில் ஓய்வும் தரப்பட வேண்டும். 40ஐ நெருங்கும் நாட்களிலும், புழுக்கம் மிகுந்த நாட்களிலும் பதினோரு மணி முதல் மூன்றரை மணி வரை வயல்வேலை நிற்க வேண்டும். ஓய்ந்த நேரத்துக்காகக் கூலி குறையாதபடி ஒப்பந்தம் பேசப்பட வேண்டும். மலையினின்று வருவோருக்கு முதல் வாரம் அரை வேலையே தரத்தக்கது.

வேலையாள் ஒருவர் பேச்சுக் குழறி, தள்ளாடி, மேனி அனலாய்க் கொதிக்கக் கண்டால், அவருடைய உட்சூடு 104 பாரன்ஹீட்டைக் கடந்திருக்கலாம் என்று கொள்க. உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108க்குச் சொல்லி வண்டி வரவழைக்க வேண்டும். நினைவு தவறியவர் வாயில் நீர் ஊற்றலாகாது. வண்டி வரும்வரை நீர் ஊற்றுவதை நிறுத்தவும் கூடாது. ஒவ்வொரு களத்து மேட்டிலும் பங்குனி பிறக்குமுன் ஒரு குடம் நீரும், ஒரு பந்தலும், இரு அளவுகளும் பொறித்த ஓர் உஷ்ணமானியும் இருக்கும்படி நிலச் சொந்தக்காரர் ஏற்பாடு செய்தல் அவசியம்.