தகப்பன் பெயருக்கு நேரே ஒரு கோடு

ஸ்கொட்லாந்தில் ஒருவருக்குத் தன்னுடைய பூட்டனின் தகப்பன் யாரென்று தெரியாவிட்டால், தேடத் தொடங்க அவருக்கு ஒரு இடம் இருக்கிறது. கிளிநொச்சி தருமபுரத்தில் இருக்கும் ஒருவருக்கு, "எங்க அம்மாயியோட அப்பா வெள்ளக்காரத் தொரையாம்" என்ற ஒற்றை வரி மட்டும் வீட்டில் கிடைத்திருந்தால், அவர் எங்கே போவார்? ஒரே ஆளைத்தான் இரண்டு பேரும் தேடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆவணம் இருக்கு. மற்றவருக்குக் கதை மட்டுந்தான் இருக்கு. இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதை எங்கட தலைமுறை யோசிக்க வேணும்.

முதலில் ஸ்கொட்லாந்துக் கதை. அங்கே 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசாங்கப் பதிவு. மணமாகாத தாய்க்குப் பிள்ளை பிறந்தால், தகப்பனும் கூட வந்து கையெழுத்து வைத்தால்தான் அவர் பெயர் பதிவில் ஏறும். வராவிட்டால் அந்த இடம் வெறுமை. பிள்ளையின் பெயருக்குக் கீழே 'முறைகேடாகப் பிறந்தது' என்று வேறு எழுதி வைத்தார்கள். 1919 வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது.

ஆனால் கதை அந்த வெறுமையோடு முடியவில்லை. தாய் வழக்குப் போட்டு, நீதிமன்றம் "இன்னார்தான் தகப்பன்" என்று தீர்த்தால், திருத்தப் பதிவேடு என்ற தனிப் புத்தகத்தில் அது ஏறும். பிறப்புப் பதிவின் ஓரத்திலும் ஒரு சின்னக் குறிப்பு விழும். 1845க்குப் பிறகு ஏழைகளுக்கு உதவி கொடுத்த ஊர்ச் சபைகள், உதவி கேட்டு வந்த தாயிடம் தகப்பன் பெயரைக் கேட்டு எழுதின. அதற்கும் முந்திய காலத்தில் தேவாலய மூப்பர் சபை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தது. அவள் சொன்ன ஆணையும் கூப்பிட்டது. கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸ்கூட 1786இல் இப்படிச் சபைக்கு முன்னால் நின்று கண்டனம் கேட்டவர்தான்.

இதை நல்ல காலம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊருக்கு முன்னால் ஒரு பெண்ணை நிறுத்தி அவமானப்படுத்திய காலம் அது. பிள்ளையின் செலவு ஊரின் தலையில் விழக்கூடாது என்பதும் அவர்களுடைய பெரிய கவலை. ஆனாலும் அந்தக் கொடுமையான விசாரணைக்கு ஒரு தாள் மிஞ்சியது. இன்று 'ஸ்கொட்லாந்ஸ்பீப்பிள்' என்ற அரசாங்க இணையத்தளத்தில் 100 வருசம் கடந்த பிறப்புப் பதிவுகளைப் படமாகவே பார்க்கலாம். 2021இல் தேவாலய சபைகளின் பழைய ஏடுகளும் அதே தளத்துக்கு வந்துவிட்டன.

இந்த வெறுமை ஒரு மனிசரை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு ராம்சே மக்டொனால்ட் சாட்சி. 1866இல் லொசிமவுத் என்ற மீனவ ஊரில், மணமாகாத வேலைக்காரப் பெண்ணுக்குப் பிறந்தவர். 1915இல் முதலாம் உலகப் போரை அவர் எதிர்த்தபோது, 'ஜோன் புல்' என்ற பத்திரிகை அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து அச்சிட்டது. அவருடைய வாதத்துக்குப் பதில் சொல்வதைவிட அது சுகமாக இருந்திருக்கிறது. அதே ஆள் 1924இல் பிரித்தானியாவின் முதல் தொழிற்கட்சிப் பிரதமரானார். இலங்கைக்கு 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதும் அங்கே பிரதமர் அவர்தான்.

இப்ப இந்தப் பக்கம் வருவோம். இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களை நடத்த வந்தவர்களில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம், அதிலும் வடகிழக்கு ஸ்கொட்லாந்து ஆட்கள் நிறைய. ஹோலிரூட், பல்மோரல், எடின்பரோ என்று மலையகத் தோட்டங்களுக்கு இருக்கும் பெயர்களே போதும். ஜேம்ஸ் டெய்லர் 1852இல் வந்தார், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார், 1892இல் செத்தார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதே மலையில் அவருக்குக் கீழே வேலை செய்த பெண்களின் பெயர் செக்ரோலில் ஒரு வரி. அதுவும் கறையான் விட்டு வைத்தால்தான்.

துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன. எல்லாருக்கும் தெரிந்த, யாரும் எழுதாத விசயம் அது. இந்தியாவில் இதே நிலையில் இருந்த பிள்ளைகளுக்காக 1900இல் கலிம்பொங்கில் ஸ்கொட்லாந்து மிசனரி ஜோன் அண்டர்சன் கிரஹாம் ஒரு இல்லம் தொடங்கினார். அங்கே வளர்ந்தவர்களில் பலர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த இல்லத்தின் கோப்புகளை வைத்து அசாமுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் வழி தேடுகிறார்கள். லயத்திலேயே வளர்ந்த பிள்ளைக்குக் கோப்பு எங்கே இருக்கும்?

இதில் ஒரு கசப்பான விசயம் இருக்கு. தோட்டத்தில் நடந்த பிறப்பை மாவட்டப் பதிவாளருக்கு எழுதி அனுப்பும் பொறுப்பு தோட்டத்துத் துரையிடம்தான் இருந்தது. தகப்பன் துரையாகவே இருந்தால், தன் பெயரை எழுதுவதா விடுவதா என்று முடிவெடுப்பதும் அவர்தான். 1889ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம், மணமாகாத தாயும் பிள்ளைக்காக வழக்குப் போடலாம் என்றது. ஆனால் அவள் சொல் மட்டும் போதாது, அதை உறுதிப்படுத்த வேறு சாட்சி வேணும். துரைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு அடுத்த நாள் பிரட்டுக்கு யார் போவது?

தேட வழியே இல்லை என்று சொல்லவில்லை. தோட்டத்தின் பெயரும் பிறந்த வருசமும் ஓரளவு தெரிந்தால், பழைய 'பெர்கசன் டிரெக்டரி'யில் அந்த வருசம் அந்தத் தோட்டத்துக்கு யார் துரை என்று பார்க்கலாம். ஆனால் பெரியதுரை, சின்னத்துரை, பக்கத்துத் தோட்டத்துத் துரை என்று ஆட்கள் பலர். டிரெக்டரியில் பெயர் இருந்தது தகப்பன் என்பதற்கு ஆதாரமாகாது. மரபணுப் பரிசோதனை கூடுதலாக உதவும். பூட்டன் ஒருவரிடமிருந்து எங்களுக்கு வருவது சராசரியாக எட்டில் ஒரு பங்கு, அது தூரத்துச் சொந்தங்களைக் காட்டப் போதும். ஆனால் அந்தச் சொந்தமும் பரிசோதனை செய்திருக்க வேணும். எடின்பரோவில் இருப்பவர் செய்திருப்பார். இங்கே இருப்பவருக்கு அந்தக் காசு ஒரு மாதச் சாமான் செலவு.

ஆனால் துரையின் பெயர் கிடைத்த சந்தோசத்தில் அம்மாயியின் அம்மாவை மறந்துவிடுகிறோம். "எங்கட வம்சத்தில வெள்ளக்கார ரத்தம் இருக்கு" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன வயசு, 'மாட்டேன்' என்று சொல்ல அவளுக்கு இடம் இருந்ததா, பிறகு அவளை யார் ஏற்றுக்கொண்டது? இந்தக் கேள்விகளைக் கேட்காத வம்சத் தேடல் இன்னொரு முறை அவளை அழிப்பதுதான். என்னைக் கேட்டால், அவளுடைய பெயர்தான் முதலில் தேட வேண்டிய பெயர்.

இதெல்லாம் மலையகத்துக் கதை, வன்னிக்கு என்ன என்று கேட்கலாம். 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள்தான் எங்களில் எத்தனையோ பேர். வரும்போது பெட்டி கொண்டு வந்தார்கள், பத்திரம் கொண்டு வரவில்லை. பத்திரம் இல்லாததன் விலையை அவர்கள் ஏற்கெனவே கட்டியவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்று கேட்டது. காட்ட முடியாமல் சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை வரலாம் என்று சட்டம் ஒத்துக்கொள்ள 2003 வரை, 55 வருசம் பிடித்தது.

உங்கட பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கோ. எங்களில் அநேகரிடம் இருக்கும் படிவத்தில் பாட்டன், பூட்டனுக்குக்கூட இடம் இருக்கு, பாட்டிக்கு இல்லை. 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா' என்று ஒரு கூடு. இறுதிப் போர்க் காலத்தில், பிள்ளையைப் பிடித்துப் போகாமல் இருக்க அவசர அவசரமாகக் கட்டிவைத்த கலியாணங்கள் எத்தனை பதியப்பட்டன? பிறகு தகப்பன் காணாமல் போயிருந்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன பதில்? மணத்துக்கு வெளியே பிறந்ததாகக் கொள்ளப்படும் பிள்ளையின் பதிவில், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால், அல்லது நீதிமன்றம் சொன்னால் மட்டுமே தகப்பன் பெயர் ஏறும். காணாமல் ஆக்கப்பட்டவர் எப்படி வந்து கையெழுத்து வைப்பார்? பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, காணி என்று ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பிள்ளை அந்தக் கோட்டைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நூறு வருசத்துக்குப் பிறகு அதன் பேரப்பிள்ளை தேட வரும்போதும் அதே கோடுதான் இருக்கும்.

முறைகேடான பிள்ளை என்ற சட்ட நிலையையே ஸ்கொட்லாந்து 2006இல் எடுத்துவிட்டது. இங்கே விவாகக் கேள்வியையும் இனக் கேள்வியையும் புதிய படிவங்களில் நீக்கும் பேச்சு வந்திருக்கிறது. பேச்சு போதாது. பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கும் அது மாற வேணும். போர்க்காலப் பிள்ளைகளின் தகப்பன் பெயரை உறவினர், அயலவர், கிராம சேவையாளர் சாட்சியோடு ஏற்றும் இலகுவான வழி வேணும். தோட்டங்களில் மிச்சமிருக்கும் செக்ரோல்களும் பிறப்பு, இறப்பு ஏடுகளும் விறகாகும் முன்னம் ஆவணக்காப்பகத்துக்குப் போக வேணும்.

அரசாங்கம் செய்யும் வரைக்கும் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. வீட்டில் இருக்கும் அம்மாயியிடமோ அப்பாயியிடமோ போய் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்தக் கங்காணியின் ஆள், எந்த வருசம் வன்னிக்கு வந்தது, அவங்கட அம்மாவின் பெயர் என்ன என்று கேளுங்கோ. தகப்பன் பெயர் தெரியாது என்று சொன்னால் அதையும் வெட்கப்படாமல் அப்படியே எழுதுங்கோ. திகதி போட்டு, சொன்னவர் பெயரையும் போடுங்கோ. எங்கட பக்கத்து ஏடு அதில் இருந்து தொடங்கட்டும்.